மொஹாங்க் மலைக்கு அப்பா அம்மாவைக் கூட்டிப் போகலாமா?

அக்டோபரில் ஊரிலிருந்து அப்பா அம்மா வருகிறார்கள், ஆபீசில் எல்லோரும் நியூயார்க் மாநிலத்தில் மலை ஏரிக்கரையில் இருக்கும் மொஹாங்க் விடுதிக்குப் போகச் சொல்கிறார்கள், ஆனால் அது குவேக்கர் என்ற மதக்குழு நடத்தும் இடமாமே, நமக்குச் சங்கடமாக இருக்காதா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாகப் போங்கள் தம்பி. அங்கே யாரும் உங்கள் மதத்தைக் கேட்க மாட்டார்கள். ஆனால் அந்த இடத்தின் கதையைத் தெரிந்துகொண்டு போனால் நன்றாக இருக்கும்.

குவேக்கர்கள் கிறிஸ்தவத்தில் ஒரு பிரிவு. போர் கூடாது, ஆடம்பரம் கூடாது என்பவர்கள். (ஓட்ஸ் டப்பாவில் அவர்கள் பெயர் இருந்தாலும் அந்தக் கம்பெனிக்கும் அவர்களுக்கும் சம்பந்தமில்லை.) ஆல்ஃபிரட் ஸ்மைலி நம் பொகிப்ஸி நகரத்துப் பக்கம் பண்ணை வைத்திருந்த குவேக்கர். 1869-ல் ஹட்சன் ஆற்றைக் கடந்து அந்த மலை ஏரியைப் பார்க்கப் போனவர், திரும்பியதும் தன் இரட்டைச் சகோதரர் ஆல்பர்ட்டுக்குச் சொல்லி அனுப்பினார். ஏரிக்கரையில் ஜான் ஸ்டோக்ஸ் என்பவர் நடத்திவந்த சின்ன மதுச்சாலையை நிலத்தோடு வாங்கி, அடுத்த வருடமே விடுதியாகத் திறந்தார்கள். மது கிடையாது, சீட்டாட்டம் கிடையாது, நடனம் கிடையாது. பிரார்த்தனை, படகு, நடை, அவ்வளவுதான். அப்படியும் கூட்டம் வந்தது. கட்டடத்தை 1910 வரை கட்டிக்கொண்டே போனார்கள். இன்றும் அதே குடும்பத்தின் கையில்தான் இருக்கிறது. இப்போது மது கிடைக்கும், குடிக்காதவர்களை யாரும் வற்புறுத்துவதில்லை.

எனக்கு அங்கே பிடித்தது பாறை விளிம்புகளில் இருக்கும் சின்ன மரப் பந்தல்கள். பட்டை உரிக்காத மரக்கிளைகளை அப்படியே காலாக நட்டு, உள்ளே எதிரெதிரே பலகை போட்டிருப்பார்கள். முழங்கால் வலி உள்ளவர்கள் பத்து நிமிடம் நடந்தால் ஒன்றில் உட்காரலாம், கீழே ஏரி தெரியும்.

அப்புறம், விடுதியில் யாரும் சட்டென்று சொல்லாத ஒரு விஷயம். 1883 முதல் ஆல்பர்ட் அங்கே வருடாவருடம் அமெரிக்கப் பூர்வகுடி மக்களின் 'நலனுக்காக' மாநாடு கூட்டினார். மனதார நல்லது நினைத்துத்தான் கூட்டினார் என்றே நம்புகிறேன். ஆனால் பேசியவர்கள் பெரும்பாலும் வெள்ளையர்கள். பொது நிலத்தைத் தனித்தனிப் பட்டாவாகப் பிரித்தால் அந்த மக்கள் முன்னேறுவார்கள் என்று வாதாடினார்கள். 1887-ல் அது டாஸ் சட்டமாக வந்தது. அப்போது 13.8 கோடி ஏக்கராக இருந்த பூர்வகுடி நிலம் 1934-ல் 4.8 கோடியாகச் சுருங்கிவிட்டது. யாருடைய வாழ்க்கையைப் பற்றிப் பேசுகிறோமோ அவர்களை உட்காரவைத்துக் கேட்காமல் முடிவெடுத்ததை என்னால் லேசாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. அதே விடுதியில் 1895 முதல் நாடுகளின் சண்டையைப் போரில்லாமல் நடுவர் வைத்துத் தீர்ப்பது பற்றியும் மாநாடுகள் நடந்தன. அவற்றின் மீது எனக்கு நிஜமான மரியாதை உண்டு.

சரி, செலவுக்கு வருவோம். அறை வாடகை மிக அதிகம், நான்கு பேருக்கு வேண்டாம். பகல்நேரச் சீட்டு கொடுக்கிறார்கள், ஆனால் அளவாகத்தான். இலை நிறம் மாறும் வாரங்களில் முன்பதிவு இல்லாமல் கிளம்பாதீர்கள். அங்கேயே சாப்பிடுவதாக இருந்தால் சைவம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பாறை இடுக்கில் ஏணி பிடித்து ஏறும் வழி ஒன்று உண்டு, ஆபீஸ் நண்பர்கள் அதைத்தான் புகழ்வார்கள். அது பெரியவர்களுக்கு ஆகாது. மலை உச்சிக் கோபுரத்துக்கு வளைந்து வளைந்து போகும் வண்டிப்பாதையே போதும்.

சீட்டு கிடைக்கவில்லையென்றால் பக்கத்திலேயே மின்னவாஸ்கா மாநிலப் பூங்கா இருக்கிறது. அதுவும் ஒரு காலத்தில் ஆல்ஃபிரடின் இடம்தான். 1879-ல் ஒன்றும் 1887-ல் ஒன்றுமாக இரண்டு விடுதிகள் கட்டினார், இரண்டுமே பிற்காலத்தில் தீயில் போய்விட்டன. ஏரி இருக்கிறது, அதைச் சுற்றி அவர்கள் காலத்துப் பாதையும் இருக்கிறது. கார் நிறுத்தக் கட்டணம் மட்டும்தான். சனி ஞாயிறென்றால் காலை ஒன்பது மணிக்குள் போய்விடுங்கள், வண்டி நிறுத்துமிடம் நிரம்பினால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். அம்மாவுக்கு ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள், மேலே பொகிப்ஸியைவிடக் குளிர் அதிகம்.