வீட்டை அடமானம் வைத்து மகளை லண்டனில் எல்எல்எம் படிக்க அனுப்பலாமா?

கேள்வி: என் மகள் ஐந்தாண்டு பி.ஏ., எல்எல்பி படிப்பின் கடைசி ஆண்டில் இருக்கிறாள். லண்டனில் ஓராண்டு எல்எல்எம் படித்தால் அங்கேயே வக்கீலாகிவிடலாம் என்று ஒரு கன்சல்டன்சியில் சொல்கிறார்கள். கட்டணம், தங்குமிடம், விசா எல்லாம் சேர்த்து 38 லட்சம் ரூபாய் ஆகுமாம். கையில் 8 லட்சம் இருக்கிறது. வீட்டை அடமானம் வைத்தால் 11 சதவீத வட்டியில் 30 லட்சம் தருவதாக வங்கி சொல்கிறது. நான் ஓய்வு பெற இன்னும் நான்கு ஆண்டுகள்தான். துணிந்து இறங்கலாமா ஐயா?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: இந்த ஆண்டு வேண்டாம். மகள் வெளிநாட்டில் படிக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. வீட்டுப் பத்திரத்தை வங்கியில் கொடுப்பதற்கு முன் சில விஷயங்களை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

கன்சல்டன்சி சொன்ன முக்கியமான தகவலே தவறு. எல்எல்எம் ஒரு மேற்படிப்பு, அவ்வளவுதான். அதை முடித்ததால் மட்டும் இங்கிலாந்தில் வக்கீல் தொழில் செய்யும் உரிமை வந்துவிடாது. அங்கே சொலிசிட்டர் (அங்குள்ள ஒரு வகை வக்கீல்) ஆக எஸ்கியூஇ என்ற தேர்வின் இரண்டு கட்டங்களையும் தாண்ட வேண்டும். 2021-இல் வந்த முறை இது. எல்எல்எம் படித்தவருக்கும் இதில் விலக்கு இல்லை, படிக்காதவரும் எழுதலாம். சொலிசிட்டர் ஆவதற்குப் பொதுவாக இரண்டு ஆண்டு பணி அனுபவமும் கேட்பார்கள். சொந்த நாட்டில் ஏற்கெனவே வழக்கறிஞராகத் தகுதி பெற்றவருக்கு அந்த நிபந்தனை கிடையாது. முதல் கட்டத்தை இந்தியாவில் உள்ள மையங்களிலேயே எழுதலாம். இரண்டு கட்டத்துக்கும் தேர்வுக் கட்டணம் சேர்த்து ஏறக்குறைய 5,000 பவுண்டு. பயிற்சி வகுப்புச் செலவு தனி. இதை 38 லட்சத்தோடு வைத்துப் பாருங்கள்.

இப்போது கடன் கணக்கு. கல்விக் கடனில் படிக்கும் காலமும் அதற்குப் பின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டாம் என்பார்கள். ஆனால் வட்டி ஓடிக்கொண்டுதான் இருக்கும். 30 லட்சத்துக்கு மாதம் 27,500 ரூபாய் வீதம் இரண்டு ஆண்டில் 6.6 லட்சம். அதைக் கட்டாமல் அசலோடு சேர்த்துவிட்டால் கடன் 36.6 லட்சமாகும். பத்தாண்டில் அடைக்க மாதத் தவணை சுமார் 50,400 ரூபாய். நீங்கள் ஓய்வு பெற்ற பிறகும் எட்டு ஆண்டுகள் இந்தத் தவணை போகும்.

மகள் சம்பாதித்துக் கட்டுவார் என்பது உங்கள் நம்பிக்கையாக இருக்கும். படிப்பு முடிந்து அங்கே வேலை தேடக் கிடைக்கும் விசா இதுவரை இரண்டு ஆண்டுகளாக இருந்தது. 2027 ஜனவரி முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு அதை 18 மாதமாகக் குறைத்திருக்கிறார்கள். அதற்குள் விசாவுக்குப் பொறுப்பேற்கும் ஒரு நிறுவனத்தில் வேலை கிடைக்க வேண்டும். பெரிய சட்ட நிறுவனங்கள் பயிற்சி இடங்களுக்கு இரண்டு ஆண்டுகள் முன்பே ஆள் எடுத்துவிடும். வேலை கிடைக்காமல் ஊர் திரும்பினால்? 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம், ஜூனியர் வக்கீல்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000 ரூபாயும் மற்ற ஊர்களில் 15,000 ரூபாயும் குறைந்தபட்ச உதவித்தொகையாகத் தரவேண்டும் என்றது. அந்தத் தொகைகூட எல்லா ஆபீஸிலும் கிடைப்பதில்லை. இதை வைத்து 50,400 ரூபாய் தவணையை எப்படிக் கட்டுவது? கடைசியில் அது உங்கள் ஓய்வூதியத்தில்தான் வந்து விழும். வீடும் அடமானத்தில் இருக்கும் என்பதுதான் எனக்குக் கவலையாக இருக்கிறது.

சரி, என்ன செய்யலாம்? மகள் தேர்ச்சி பெற்றதும் முதலில் பார் கவுன்சிலில் பதிவு செய்யட்டும். உச்ச நீதிமன்றத்தின் 2024 ஜூலை தீர்ப்புக்குப் பிறகு பொதுப் பிரிவினருக்குப் பதிவுக் கட்டணம் 750 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது. அப்புறம் அகில இந்திய பார் தேர்வு, அதன் பின் ஒரு நல்ல சீனியரிடம் இரண்டு மூன்று ஆண்டுகள். நீதிபதி தேர்வு எழுதும் எண்ணம் அவருக்கு இருந்தால் இது இன்னும் முக்கியம். சிவில் நீதிபதி பதவிக்கு மூன்று ஆண்டு வக்கீல் அனுபவம் வேண்டும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொன்னது. லண்டனில் படிக்கும் ஓராண்டு அந்தக் கணக்கில் சேராது.

இந்த அனுபவம் உதவித்தொகைக்கும் வழி திறக்கும். பிரிட்டிஷ் அரசின் செவனிங் உதவித்தொகை கல்விக் கட்டணத்தையும் தங்கும் செலவையும் ஏற்கும். அதற்கு விண்ணப்பிக்கவே 2,800 மணி நேர வேலை அனுபவம் வேண்டும். படித்து முடித்ததும் இரண்டு ஆண்டு சொந்த நாட்டில் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அங்கேயே தங்க நினைப்பவருக்கு இது சரிவராது. காமன்வெல்த், இன்லாக்ஸ், ஃபெலிக்ஸ் உதவித்தொகைகளுக்கும் முயலலாம். நீங்கள் பட்டியல் இனத்தவராக இருந்தால் மத்திய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகையையும் தமிழக அரசின் அண்ணல் அம்பேத்கர் பெயரிலான திட்டத்தையும் முதலில் பாருங்கள். இவற்றையெல்லாம் கன்சல்டன்சிகள் பெரும்பாலும் சொல்வதில்லை. பல கன்சல்டன்சிகளுக்கு வருமானமே பல்கலைக்கழகம் தரும் கமிஷன்தான்.

ஜெர்மனியில் கட்டணம் குறைவு என்று யாராவது சொல்வார்கள். அரசுப் பல்கலைக்கழகங்களுக்கு அது பொதுவாக உண்மைதான், ஆனால் ஆங்கிலவழி எல்எல்எம் படிப்புகள் பலவற்றுக்குத் தனிக் கட்டணம் உண்டு. ஜெர்மன் மொழி இல்லாமல் அங்கே சட்ட வேலை கிடைப்பதும் கடினம்.

ஓரளவு உதவித்தொகை கிடைத்து, மீதிக்குக் கடன் தேவைப்பட்டால் தயங்காமல் வாங்குங்கள். பல வங்கிகளில் 7.5 லட்சம் வரை சொத்து அடமானம் இல்லாமலே கல்விக் கடன் கிடைக்கும். வங்கிக் கல்விக் கடனிலிருந்து வெளிநாட்டுக் கட்டணம் செலுத்தினால், வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும்போது வசூலிக்கும் டிசிஎஸ் என்ற வரிப் பிடித்தம் இல்லை. பழைய வரி முறையில் இருந்தால், கட்டும் வட்டி முழுவதையும் எட்டு ஆண்டுகள் வரை வரிக்குரிய வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம். படிக்கும் காலத்தில் வட்டியை மட்டுமாவது மாதாமாதம் கட்டிவிடுங்கள்.

கையில் உள்ள 8 லட்சத்தில் பாதியை உங்கள் குடும்பத்தின் அவசரத் தேவைக்கென்று ஒதுக்கிவிடுங்கள். மீதியை மகளின் படிப்புக்காக வங்கியில் இரண்டு ஆண்டு வைப்பில் போடுங்கள். எஸ்கியூஇ முதல் கட்டத்தை எழுத அவர் விரும்பினால் அதற்கான கட்டணத்தை அதிலிருந்தே எடுக்கலாம்.