துவோனெலா நரகம் இல்லை

துவோனெலாவை நரகமாகவும் வேலெஸை அதன் அரசனாகவும் வைத்துக் கதை எழுதுவதாகச் சொல்லியிருந்தீர்கள். தயவுசெய்து இரண்டையும் பிரித்துவிடுங்கள். துவோனெலா பின்லாந்துக்காரர்களின் புராணத்தில் வரும் இறந்தோர் உலகம், அங்கே ஆள்பவன் துவோனி. வேலெஸ் ஸ்லாவியர்களின் தெய்வம்.

பழைய நம்பிக்கையில் துவோனெலா தண்டனைக் கூடம் அல்ல, இறந்தவர் எல்லோரும் போய்ச் சேரும் இருண்ட ஊர். பின்லாந்தின் காவியமான கலேவலாவின் 1849ஆம் ஆண்டுப் பதிப்பில் 16ஆம் பாடலைப் படியுங்கள். படகு கட்டத் தேவையான மந்திரச் சொற்களைத் தேடி காவிய நாயகன் வைனமொய்னன் உயிரோடு அங்கே போகிறான். ஆற்றங்கரையில் துணி துவைத்துக்கொண்டிருக்கும் துவோனியின் மகள், எப்படிச் செத்தாய் என்று கேட்கிறாள். இரும்பால் என்கிறான். அப்படியானால் ரத்தம் வழியுமே என்கிறாள். தண்ணீரால் என்கிறான். உடை சொட்டச் சொட்ட இருக்குமே என்கிறாள். உள்ளே போனால் தவளையும் புழுவும் நெளியும் பீர். அவன் குடிக்கவில்லை. பிறகு அவனைத் தடுக்க ஆற்றில் விரித்த வலையிலிருந்து உருமாறி நழுவித் திரும்புகிறான். உங்கள் கதைக்கு இதைவிட நல்ல வாசல் கிடைக்காது!

அப்புறம் வேலெஸ். 971ஆம் ஆண்டு பைசாந்தியப் பேரரசுடன் செய்த உடன்படிக்கையில் ரூஸ் நாட்டவர் இடித் தெய்வம் பெரூனோடு சேர்த்து அவன் பேரிலும் (வோலோஸ் என்ற வடிவில்) சத்தியம் செய்கிறார்கள். அங்கே அவன் 'கால்நடைத் தெய்வம்' மட்டுமே. பாதாளத் தலைவன் என்பது பெரும்பாலும் 20ஆம் நூற்றாண்டு ஆய்வாளர்கள் மீட்டுருவாக்கியது. கதையில் தாராளமாக வைக்கலாம், முன்னுரையில் மட்டும் அதைச் சொல்லிவிடுங்கள்.