பேய் பிடிக்கவில்லை

கேள்வி: 'தி கீப்' படம் பார்த்தேன். போர்க்காலத்தில் மனிதர்களுக்கே பேய் பிடித்துவிடுகிறது. அப்படியிருக்க, கதையில் தனியாக ஒரு பேய் எதற்கு? நாவல் இதைவிட நன்றாக இருக்குமா?
– ஒரு வாசகி, தென்காசி

பதில்: நாவல் நன்றாக இருக்கும், படியுங்கள். எஃப். பால் வில்சன் எழுதி 1981-ல் வந்தது. மைக்கேல் மான் 1983-ல் படமாக்கினார். அவர் முதலில் தொகுத்தது மூன்றரை மணி நேரம் ஓடியதாம். பாரமவுண்ட் நிறுவனம் அதை வெட்டி வெட்டி 96 நிமிடத்தில் கொண்டுவந்து நிறுத்தியது. தந்திரக் காட்சிகளைக் கவனித்த வாலி வீவர்ஸ் வேலை முடியும் முன்பே இறந்துபோனார். கடைசிப் பகுதி தலையும் வாலும் புரியாமல் போவது அதனால்தான்.

ஆனால் தொடக்கம் அபாரம். 1941, ருமேனியாவில் கார்பாத்தியன் மலைக் கணவாய். ஜெர்மன் படை ஒரு பழைய கோட்டையில் வந்து தங்குகிறது. கேப்டன் சுவரைப் பார்த்ததுமே யோசிக்கிறார். கோட்டை என்றால் பெரிய கல் வெளிப்பக்கம் இருக்கும். இங்கே சின்னக் கல் வெளியே, பெரிய கல் உள்ளே. உள்ளே இருக்கும் எதையோ வெளியே விடாமலிருக்கக் கட்டியிருக்கிறார்கள். அன்று இரவு காவலுக்கு நின்ற இரண்டு சிப்பாய்கள் சுவரில் பதித்த வெள்ளிச் சிலுவைக்கு ஆசைப்பட்டுக் கல்லைப் பெயர்க்கிறார்கள். ஒருவன் ஓட்டைக்குள் தலையை நீட்டுகிறான். கேமரா பின்னால் போகிறது, போய்க்கொண்டே இருக்கிறது. அந்தப் பிரமாண்டமான இருட்டில் அவன் ஒரு புள்ளியாகிறான். அப்புறம்தான் அடியிலிருந்து ஒரு வெளிச்சம் கிளம்புகிறது.

கவனியுங்கள், அந்த இருவருக்கும் எந்தப் பேயும் பிடிக்கவில்லை. வெள்ளி வேண்டியிருந்தது, தோண்டினார்கள். படம் சரியாகச் சொன்ன இடம் அது. தவறிய இடம் பின்னால் வருகிறது. கோட்டையிலிருந்து தீமை கசிந்து கிராமத்துக்குள் இறங்க, நேற்றுவரை அன்பாக இருந்த பாதிரியாரே மூர்க்கமாகிவிடுகிறார். நீங்கள் 'பேய் பிடித்துவிடுகிறது' என்று எழுதியதும் இதே கணக்குதான். எனக்கு அந்தச் சொல்லோடு சண்டை உண்டு.

கதை நடக்கும் அதே வருடம், 1941 ஜூன் கடைசியில், அதே ருமேனியாவில் யாஷ் நகரத்தில் யூதர்களை வீடு வீடாக இழுத்து வந்து காவல்துறைத் தலைமையகத்தின் முற்றத்தில் சுட்டார்கள். மிஞ்சியவர்களைச் சரக்கு ரயில் பெட்டிகளில் அடைத்து, கதவை மூடி, கோடை வெயிலில் தண்ணீரில்லாமல் ஓட்டினார்கள். சுமார் 20 கிலோமீட்டர் தூரத்தைக் கடக்க ஒரு ரயில் பல மணி நேரம் எடுத்துக்கொண்டது. எல்லாமாகச் செத்தவர்கள் 13,000-க்கு மேல். ஜெர்மானியர்களும் கூட இருந்தார்கள். ஆனால் முன்னே நின்றது ருமேனிய ராணுவமும் போலீசும், அவர்களோடு அக்கம்பக்கத்து ஜனங்களும். உத்தரவு போட்டவர்கள் இருந்தார்கள், வீட்டைக் காட்டிக் கொடுத்தவர்கள் இருந்தார்கள், பெட்டிக் கதவை இழுத்துச் சாத்திய கை இருந்தது.

நம் பத்திரிகைகளிலும் இந்தப் பழக்கம் இருக்கிறது. 'வன்முறை வெடித்தது, பலர் உயிரிழந்தனர்' என்று எழுதுகிறோம். வெடிப்பதற்கு அது என்ன பட்டாசா? என் மேசைக்கு வரும் செய்தியில் 'உயிரிழந்தனர்' என்று இருந்தால், யார் கொன்றது என்று கேட்டுத் திருப்பி அனுப்புகிறேன். இருபது வருடமாக உதவி ஆசிரியர்களோடு எனக்கு இதே தகராறு. பேய் என்றாலும் வெடித்தது என்றாலும் செய்தவன் பெயர் காணாமல் போகிறது. அவனுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

யாஷிலிருந்து புறப்பட்ட இன்னொரு ரயில் ரோமான் என்ற ஊர் நிலையத்தில் நின்றது. உள்ளூர் செஞ்சிலுவைச் சங்கத் தலைவி வியோரிகா அகரிச்சி பெட்டிகளுக்குள்ளிருந்து முனகல் கேட்டு, அவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தே ஆக வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார், கொடுக்கவும் வைத்தார். அதே நாடு, அதே போர், அதே வாரம். இதற்காக ஊரார் அவரைத் தூற்றினார்கள். ரோமானில் இருக்க முடியாமல் புகாரெஸ்ட்டுக்குப் போனார். யூத இன அழிப்பின் நினைவைக் காக்கும் யாத் வாஷெம் அவரைக் கௌரவித்தது 1983-ல், நீங்கள் பார்த்த படம் வெளிவந்த அதே வருடம்.