ஜப்பானுக்கு இந்திய சார்ஜர், ரைஸ் குக்கர் எடுத்துப்போகலாமா?

சார்ஜர் சரி, குக்கர் வேண்டாம்.

ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ட், நம்மூரில் 230. லேப்டாப், மொபைல் சார்ஜரைத் திருப்பிப் பாருங்கள், பொடி எழுத்தில் 'இன்புட் 100-240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ்' என்று இருந்தால் அது எந்த நாட்டிலும் ஓடும், பிளக் மட்டும்தான் மாற்ற வேண்டும். அங்கே தட்டையான இரண்டு கம்பி பிளக். அடாப்டர் வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: அமெரிக்காவுக்கு என்று விற்பதில் மூன்றாவதாக ஓர் எர்த் கம்பி இருந்தால், ஜப்பானில் பெரும்பாலான சாக்கெட்டில் அது நுழையாது.

குக்கர் விஷயம் வேறு. அடாப்டர் பிளக்கின் வடிவத்தைத்தான் மாற்றும், வோல்டேஜைத் தொடாது. 230 வோல்ட் ஹீட்டருக்கு 100 வோல்ட் கொடுத்தால் கிடைக்கும் சூடு பாதிகூட இல்லை, ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு, ஏனென்றால் வாட் என்பது வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. 700 வாட் குக்கர் 130 வாட்டில் முக்கிக்கொண்டிருக்கும், அரிசி ஊறும், வேகாது. டிரான்ஸ்ஃபார்மர் தூக்கிக்கொண்டு போவதெல்லாம் வீண் சுமை. அரிசி தின்னும் நாடு, குக்கருக்கா பஞ்சம்?

ஆனால் அங்கே வாங்கிய 100 வோல்ட் சாமானை இங்கே கொண்டுவந்து நேராகச் சொருகினால் புகைதான்.

அப்புறம் ஒரு வேடிக்கை: மின்சாரம் நொடிக்கு எத்தனை சுழற்சி என்பதுதான் ஹெர்ட்ஸ்; டோக்கியோ பக்கம் 50 ஹெர்ட்ஸ், ஒசாகா பக்கம் 60. 1890களில் டோக்கியோ ஜெர்மன் ஜெனரேட்டரையும் ஒசாகா அமெரிக்க ஜெனரேட்டரையும் வாங்கியதால் வந்த வினை, இன்னும் தீரவில்லை. உங்கள் சார்ஜருக்கு இது ஒரு பொருட்டே இல்லை.