1930-ல் உங்கள் இன்ஸ்பெக்டரால் எதைக் கண்டுபிடிக்க முடியும்?

கேள்வி: நான் எழுதும் குறுநாவல் 1930-ல் நடக்கிறது. வீட்டுக்குள் ஒருவர் சுட்டுக் கொல்லப்படுகிறார். சந்தேக நபரின் சட்டையில் ரத்தக் கறை, மேசையில் கைரேகை பதிந்த கண்ணாடி டம்ளர், சுவரில் ஒரு குண்டு. இவற்றை வைத்து அந்தக் காலத்துப் போலீஸ் குற்றத்தை நிரூபித்திருக்க முடியுமா?

பதில்: துப்பாக்கி கிடைத்தால் குண்டை வைத்து முடியும். கைரேகையை வைத்து ஓரளவு முடியும். ரத்தத்தை மட்டும் வைத்து முடியவே முடியாது. கதை எழுதுகிற பலரும் இடறுவது ரத்தத்தில்தான். அதனால் அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

உங்கள் சந்தேக நபர் "அது ஆட்டு ரத்தம்" என்று சாதித்தால், அதைப் பொய்யென்று காட்ட 1901-லேயே வழி பிறந்துவிட்டது. ஜெர்மானிய மருத்துவர் பால் உலென்ஹூத் கண்டறிந்த முறை அது. முயலின் உடலில் மனித ரத்தத்தைச் செலுத்தினால், அதை எதிர்க்கும் பொருள் முயலின் சீரத்தில், அதாவது ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீரில், உருவாகும். கறையை உப்புநீரில் ஊறவைத்து, அந்தச் சாற்றோடு இந்தச் சீரத்தைச் சேர்ப்பார்கள். தெளிந்திருந்த நீர் கலங்கி வெண்மையாகப் படிந்தால் அது மனித ரத்தம். அதே ஆண்டு ஜெர்மனியின் ரூகன் தீவில் இரண்டு சிறுவர்கள் கொல்லப்பட்டார்கள். பிடிபட்ட தச்சன், தன் உடையில் இருப்பது மரத்துக்குப் பூசும் சாயம் என்றான். சோதித்தபோது மனித ரத்தமும் ஆட்டு ரத்தமும் தனித்தனியே தெரிந்தன.

ஆனால் யாருடைய ரத்தம்? ஆஸ்திரிய மருத்துவர் கார்ல் லாண்ட்ஸ்டைனர் ரத்தப் பிரிவுகளை 1901-ல் வெளியிட்டார். காய்ந்த கறையிலிருந்தே பிரிவைச் சொல்லும் முறையை இத்தாலியில் லியோனே லாட்டஸ் 1915-ல் கண்டார். சட்டைக் கறையின் பிரிவும் இறந்தவரின் பிரிவும் வேறாக இருந்தால், அது அவர் ரத்தம் இல்லை என்று உறுதியாகச் சொல்லலாம். ஒன்றாக இருந்தாலோ, அதே பிரிவுக்காரர்கள் லட்சக்கணக்கில் இருப்பார்கள். "இது இவருடைய ரத்தம்தான்" என்ற வசனத்தை உங்கள் இன்ஸ்பெக்டர் வாயில் வைக்காதீர்கள். பிரிட்டிஷ் மரபியலாளர் அலெக் ஜெஃப்ரீஸ் 1984-ல் டி.என்.ஏ. முறையைக் கண்டறியும்வரை அதைச் சொல்ல யாராலும் முடியவில்லை. அந்த முறை புலனாய்வுக்கு வந்த முதல் கொலை வழக்கில்கூட, கொலையைத் தானே செய்ததாக ஒப்புக்கொண்டிருந்த ஓர் இளைஞனை அது முதலில் விடுவித்தது. உண்மைக் குற்றவாளி பிறகுதான் அகப்பட்டான். தடயவியலில் நான் பெரிதும் மதிப்பது, நிரபராதியை விடுவிக்கும் இந்தப் பக்கத்தைத்தான்.

கைரேகை 1930-ல் பழகிப்போன சாட்சியம். 1892-ல் அர்ஜென்டினாவில், கதவில் பதிந்த ரத்தக் கைரேகை ஒரு கொலையைத் துலக்கியது. 1897-ல் கல்கத்தாவில் கைரேகைப் பிரிவு தொடங்கியது. அன்றைய வங்காளப் போலீஸ் தலைவர் எட்வர்ட் ஹென்றியின் பெயரால் உலகம் வழங்கும் கைரேகை வகைப்பாட்டுக்கு உழைத்தவர்கள் அசிசுல் ஹக்கும் ஹேம் சந்திர போஸும். அந்தப் பெயர்களையும் சேர்த்தே சொல்ல வேண்டும். உங்கள் கதைக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு. அன்றைய கோப்புகள் பெரும்பாலும் பத்து விரல் ரேகைகளையும் சேர்த்து அடுக்கப்பட்டவை. டம்ளரில் கிடைத்த ஒற்றை ரேகையோடு போய் ஆளைத் தேடுவது பெரும்பாடு. ஆள் முதலில் பிடிபடட்டும், ஒப்பீடு பிறகு நடக்கட்டும்.

குண்டுதான் உங்களுக்குப் பெரிய துணை. 1925-ல் நியூயார்க்கில் ஒப்பீட்டு நுண்ணோக்கி வந்தது: சந்தேகத் துப்பாக்கியால் சோதனைக்குச் சுட்ட குண்டு ஒரு பாதியிலும் சுவரில் எடுத்த குண்டு மறுபாதியிலும் தெரியும்; கீறல்கள் கோடு பிசகாமல் தொடர்கின்றனவா என்று பார்ப்பார்கள். 1929-ல் சிகாகோவில் ஏழு பேர் கொல்லப்பட்டபோது, போலீஸார் மீதே சந்தேகம் எழுந்தது. துப்பாக்கித் தடய நிபுணர் கால்வின் கோடார்ட் முதலில் போலீஸ் துப்பாக்கிகளைச் சோதித்து அவை இல்லை என்றார். பிறகு வேறொரு வீட்டில் பிடிபட்ட துப்பாக்கிகளோடு குண்டுகள் பொருந்தின. 1930-ல் இது புத்தம்புது வித்தை. நிபுணரைப் பெருநகரத்திலிருந்து வரவழையுங்கள்.

இருட்டில் ரத்தக் கறை நீலமாக ஒளிரும் காட்சி எழுதியிருந்தால் நீக்கிவிடுங்கள். ரத்தத்தை அப்படி ஒளிரவைக்கும் வேதிப்பொருளான லூமினால் குற்ற விசாரணைக்கு வந்தது 1937-ல். இன்னொன்று: சட்டையை ஈரத்தோடு மூட்டை கட்ட விடாதீர்கள். நிழலில் உலர்த்திக் காகிதத்தில் மடிக்கட்டும். ஈரமாகக் கட்டினால் கறை அழுகி, ஆய்வகத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் கெட்டுவிடும்.