மான்கறி நாறுவதில்லை

அன்புள்ள ஐயா,

ஏழு ஆண்டுகளாகப் பென்சில்வேனியாவில் இருக்கிறேன். எச்1பி விசா. அலுவலகத்தில் கூட வேலை பார்ப்பவர் ஒவ்வொரு வருடமும் தாங்க்ஸ்கிவிங் முடிந்ததும் மான் வேட்டைக்குப் போவார். போன டிசம்பரில் ஒரு பை மான்கறி கொடுத்தார். மட்டனுக்கு அரைப்பதுபோலவே மசாலா அரைத்துக் குக்கரில் ஆறு விசில் விட்டேன். ரப்பர் மாதிரி இருந்தது, கிடாமொச்சை வேறு. மனைவி குக்கரைத் தூக்கி பால்கனியில் வைத்துவிட்டாள். மான்கறி என்றாலே அப்படித்தான் என்கிறார்கள். ஆனாலும் வரும் சீசனில் நானும் போக ஆசைப்படுகிறேன். நண்பரின் ரைஃபிளைச் சுடும் பயிற்சி ரேஞ்சில் பத்து ரவுண்டு சுட்டும் பார்த்தாயிற்று. முதல் மானுக்கு .270, .308, தேர்ட்டி ஆட் சிக்ஸ் இந்த மூன்று ரைஃபிள் ரகங்களில் எதை வாங்கலாம்? நண்பர் முதலில் அணிலில் ஆரம்பி என்கிறார். முதுகில் மூன்று கோடு போட்ட ஜீவனைச் சுடவா இவ்வளவு தூரம் வந்தேன்? கடைசியாக ஒன்று. பொழுதுபோக்குக்காக ஓர் உயிரைக் கொல்வது சரியா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

இறைச்சி ஏன் நாறுகிறது என்று எழுத வேண்டும் என்று சில வாரங்களாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். உங்கள் குக்கர் நல்ல நேரத்தில் வந்து சேர்ந்தது. ஆனால் அதற்கு முன் உங்களைத் திட்ட வேண்டியிருக்கிறது.

உங்களைப் போலத் தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ கையில் வைத்திருப்பது அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். உங்களுக்குப் பொருந்தக்கூடிய விலக்கு ஒன்றுதான்: அங்கே முறையாகக் கொடுக்கப்பட்ட, காலாவதியாகாத வேட்டை உரிமம். நண்பருடையதுதானே, ரேஞ்சில்தானே என்பதெல்லாம் செல்லாது. உரிமம் இல்லாமல் அந்தப் பத்து ரவுண்டையும் சுட்டிருந்தால், ஏழு வருட வாழ்க்கையைப் பணயம் வைத்துச் சுட்டிருக்கிறீர்கள். நண்பர் அங்கே பிறந்தவர், அவருக்கு இது தோன்றியிருக்காது. நீங்கள் ஒரு டிவி வாங்குவதற்கு எத்தனை பக்கம் படித்திருப்பீர்கள்? வேட்டைப் பயிற்சி வகுப்பை முடியுங்கள், முதல்முறை உரிமம் எடுக்க அது கட்டாயம். உரிமம் கைக்கு வந்ததும் குடியேற்ற வழக்கறிஞரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, பிறகு துப்பாக்கியைத் தொடுங்கள்.

கொல்வது சரியா என்ற கேள்வியை மசாலா அரைத்த பிறகு கேட்கிறீர்கள். நான் நீட்டிப் பேசப்போவதில்லை. பென்சில்வேனியாவில் பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிவதற்குள் மானைக் கிட்டத்தட்டத் துடைத்துவிட்டார்கள். 1906 முதல் வெளிமாநிலங்களிலிருந்து கொண்டுவந்து விட்டுத்தான் மறுபடி பெருக்கினார்கள். ஓநாயும் மலைச்சிங்கமும் திரும்பவில்லை, மான் மட்டும் பெருகிக் காட்டின் இளங்கன்றுகளை மேய்ந்து தீர்க்கிறது. 1937ஆம் ஆண்டுச் சட்டப்படி ரைஃபிளுக்கும் தோட்டாவுக்கும் விதிக்கும் 11 சதவீத வரி பெரும்பாலும் காட்டுயிர்களுக்குப் போகிறது. வேட்டையில் கிடைத்த கறியை விற்கக் கூடாது. இதெல்லாம் போதுமென்றால் போங்கள், போதாதென்றால் கோழி வாங்குங்கள். ஊருக்கு வரும்போது மட்டும் இந்த ஆசையை அங்கேயே பூட்டிவைத்துவிட்டு வாருங்கள். இங்கே 1972ஆம் ஆண்டுக் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் முயலைக்கூடத் தொடவிடாது.

இனி குக்கருக்கு வருவோம்.

மான்கறிக்கு மொச்சை இயல்பு என்று சொல்பவர்களோடு எனக்கு ஓயாத சண்டை. உங்கள் வீட்டில் நாறியது மான் இல்லை. அதை அறுத்த கையும், ஏற்றிப்போன வண்டியும், சேர்த்துக் கட்டிய கொழுப்பும்தான் நாறின. குக்கரில் தொடங்கிப் பின்னோக்கி ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

ஆறு விசில் உங்கள் தவறு. அந்தப் பையில் பல பாகங்கள் கலந்திருந்திருக்கும். முதுகெலும்பின் இருபுறமும் நீளமாக ஓடும் முதுகுக்கறியில் கொழுப்பும் இல்லை, கரைகிற சவ்வும் இல்லை. முதல் விசிலிலேயே அது காய்ந்துபோகும், ஆறாவதில் ரப்பராகும். கால்கறிக்கும் கழுத்துக்கறிக்கும் ஆறு விசில் போதவே போதாது, சிறுதீயில் மூன்று மணி நேரம் வேண்டும். முதுகுக்கறியின் மேலுள்ள வெள்ளைச் சவ்வை உரித்து, மெல்லிய துண்டாக நறுக்கி, காய்ந்த இரும்புக்கல்லில் மிளகும் உப்பும் போட்டு நாலு நிமிடம் புரட்டுங்கள். மட்டன் குழம்புக்குக் கால்கறியை வைத்துக்கொள்ளுங்கள், தேங்காயெண்ணெய் தாராளமாக விடுங்கள்.

அடுத்தது கொழுப்பு. நம் ஆட்கள் கடைக்காரரிடம் "கொஞ்சம் கொழுப்போட, எலும்போட போடுங்க பாய்" என்று கேட்டு வாங்கிப் பழகியவர்கள். மானில் இரண்டுமே ஆகாது. மான்கொழுப்பு மெழுகு மாதிரி, ஆறியதும் மேலண்ணத்தில் அப்பிக்கொள்ளும், ஃப்ரீசருக்குள்ளேயே சிக்கெடுத்துப்போகும். நீங்கள் கிடாமொச்சை என்று நினைத்ததில் பாதி இந்தச் சிக்கு வாடை. ரம்பம் போட்டு எலும்போடு அறுத்தால் மஜ்ஜையும் எலும்புத்தூளும் கறியெங்கும் பூசிக்கொள்கின்றன, அவையும் சிக்கெடுக்கும். கத்தியாலேயே எலும்பை நீக்கி, வெள்ளையாகத் தெரிவதையெல்லாம் சீவி எறிந்துவிட வேண்டும்.

எலும்பை ஒதுக்க இன்னொரு காரணமும் உண்டு. மானை மெலியவைத்துக் கொல்லும் ஒரு மூளைநோய் 2012இல் பென்சில்வேனியாவிலும் கண்டுபிடிக்கப்பட்டது. மனிதனுக்குத் தொற்றியதாக இதுவரை நிரூபணம் இல்லை. ஆனாலும் நோயிருந்த மானைத் தின்னாதீர்கள் என்பதே மருத்துவத் துறையின் அறிவுரை. நோய் பரவிய வட்டாரங்களில் மான்தலையைப் போட்டுவிட்டு வர இரும்புப் பெட்டிகள் வைத்திருக்கிறார்கள், இலவசமாகச் சோதித்துச் சொல்வார்கள். தலையையும் முதுகெலும்பையும் அந்த வட்டாரங்களுக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது. மூளை வறுவல், தலைக்கறி, முதுகெலும்பு ரசம் என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுங்கள்.

அதற்கும் முன்னால், சூடு. பெரும்பாலான மான்கறி கெடுவது இங்கேதான், யாரும் ஒப்புக்கொள்வதுமில்லை. மானின் குளிர்கால மயிர் உள்ளே பொள்ளலானது, பனியில் படுத்தாலும் உடம்புச் சூட்டை வெளியே விடாது. உயிர் போன பிறகும் அந்தப் போர்வை தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கும். நவம்பர் கடைசியிலும் சில நாட்கள் பத்துப் பன்னிரண்டு டிகிரிக்கு ஏறிவிடும். அந்த வெயிலில் மானை டிரக்கின் பின்னால் போட்டுக்கொண்டு, நாலு இடத்தில் நிறுத்திப் படம் எடுத்து, சாயங்காலம் வீட்டுக்கு வந்து தோலோடு தொங்கவிட்டால் பின்தொடையில் எலும்பை ஒட்டிய கறி உள்ளுக்குள்ளேயே புளித்துவிடும். சீக்கிரம் 4 டிகிரிக்குக் கீழே கொண்டுவர வேண்டும். குளிராத நாளென்றால் வயிற்றுக் குழிக்குள் பைகளில் அடைத்த ஐஸை வையுங்கள். உதிரி ஐஸ் வேண்டாம், உருகிய நீர் கறியில் ஊறினால் அது தனிக் கேடு. தோலை அன்றே உரித்துவிடுங்கள். ஆனால் அவசரப்பட்டு அன்றே துண்டுபோட்டுவிடாதீர்கள். விறைப்பு விட ஒரு நாளாவது ஆகும், விறைத்த கறியை எலும்பிலிருந்து பிரித்தால் சுருங்கிக் கடினமாகிவிடும்.

அதற்கும் முன்னால் குடல் எடுப்பது. மூன்றரை அங்குலக் கத்தி போதும், படத்தில் வருகிற பட்டாக்கத்தியெல்லாம் குடலைக் கிழிக்கத்தான் உதவும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். உரிமச் சீட்டை நிரப்பி மானின் காதில் கட்டிவிட்டுத்தான் அதை இடத்தைவிட்டு நகர்த்தலாம். மல்லாக்கப் போட்டு, ஆசனவாயைச் சுற்றி அறுத்து, வெளியே இழுத்துச் சரடால் கட்டுங்கள். பிறகு நெஞ்செலும்பின் கீழே தோலைக் கிள்ளித் தூக்கிச் சின்னதாக ஒரு துளை. இடது கையின் இரண்டு விரலை உள்ளே விட்டு, குடலைக் கீழே அழுத்திக்கொண்டு, விரல்களுக்கு நடுவே கத்தியின் கூர் மேலே பார்க்கும்படி வைத்து இடுப்புவரை கீறுங்கள். கூர் கீழே பார்த்தால் இரைப்பை கிழியும். அப்புறம் உதரவிதானத்தை விலாவை ஒட்டி இருபுறமும் அறுத்து, கையை நெஞ்சுக்குள் முழங்கைவரை விட்டு மூச்சுக்குழாயை மேலே அறுத்து இழுத்தால் எல்லாம் ஒரே கொத்தாக வரும். மூத்திரப்பையைக் கடைசியில் விரலால் நெருக்கிப் பிடித்துக்கொண்டு எடுக்க வேண்டும். இரைப்பை கிழிந்தே விட்டால் குளிர்ந்த நல்ல தண்ணீரில் உடனே கழுவித் துணியால் ஈரம் போகத் துடையுங்கள், கறைபட்ட கறியைச் சீவி எறியுங்கள். கழுவிவிட்டு ஈரத்தோடு விட்டால் கழுவாததைவிட மோசம்.

பின்னங்கால் முட்டின் உட்புறம் கறுத்த மயிர்க்கொத்து ஒன்று இருக்கும், அது சுரப்பி. இணைசேரும் பருவத்தில் கடா அதன்மேல் மூத்திரம் பெய்துகொள்ளும். மொச்சை என்று ஒன்று உண்மையிலேயே இருந்தால் அது இங்கே இருக்கிறது, கறியில் இல்லை. கறி கெட்டுவிடுமென்று பயந்து சிலர் முதல் வேலையாக அதை அறுத்து எடுத்துவிட்டு, அதே கத்தியால் வயிற்றைக் கிழிப்பார்கள். தொடாமல் விட்டுவிடுங்கள், எப்படியும் அந்தக் கால்துண்டு வெளியேதான் போகப்போகிறது.

இன்னும் முன்னால் போனால் காத்திருப்பு. தோட்டா பட்டதும் பின்னங்காலை உதைத்துத் துள்ளிப் பாய்ந்தால் நெஞ்சில் பட்டிருக்கும். முதுகைக் கூனிக்கொண்டு மெதுவாக நடந்தால் வயிறு. தரையில் நுரைத்த இளஞ்சிவப்பு ரத்தம் நுரையீரல், கறுத்த ரத்தம் ஈரல், பச்சை கலந்து நாற்றமடித்தால் இரைப்பை. நுரையீரலென்றால் அரைமணி, ஈரலென்றால் மூன்று நாலு மணி, இரைப்பையென்றால் ஆறு எட்டு மணி நேரம் உட்கார்ந்தே இருக்க வேண்டும். ஓடிப்போய்த் துரத்தினால் காயம்பட்ட மான் எழுந்து மைல்கணக்கில் ஓடும். கிடைக்காமலே போகலாம். கிடைத்தாலும் தசையின் சர்க்கரையெல்லாம் தீர்ந்து கறி கறுத்து, விறைத்து, சீக்கிரம் கெடுவதாக ஆகியிருக்கும். ஆக உங்கள் குக்கருக்குள் இருந்தது, யாரோ ஒருவர் பத்து நிமிடம் பொறுக்காததாகக்கூட இருக்கலாம். உங்கள் நண்பரைக் குறை சொல்லவில்லை, பையை இலவசமாகக் கொடுத்தவர் நல்ல மனிதர்.

இதையெல்லாம் அறுபது கிலோ மானில் முதல்முறையாகக் கற்றுக்கொள்ளவா போகிறீர்கள், இருட்டுகிற நேரத்தில், கை நடுங்கிக்கொண்டு? அதனால்தான் நண்பர் அணில் என்றார். அவர் சொன்னதில் மிகச் சரியானது அதுதான், நீங்கள் முகம் சுளித்ததும் அதற்குத்தான். மானைச் சுடத் துணிந்தவர் அணிலுக்கு அழலாமா? அங்கே இருப்பது சாம்பல் அணில். எடை அரைக் கிலோ, நம் ஊர் அணிலைப்போல நாலைந்து மடங்கு. முதுகில் கோடு இல்லை, ராமர் தடவிக்கொடுத்தது இதையில்லை. கோடு போட்டுக்கொண்டு ஓடுவது சிப்மங்க், அதை விட்டுவிடுங்கள்.

அணில் சீசன் செப்டம்பரிலேயே தொடங்கிவிடும், அதே உரிமம் போதும். ஒரு நாளைக்கு ஆறு அணில். விடியுமுன் போய் ஹிக்கரி அல்லது ஓக் மரத்தடியில், உங்கள் தோளைவிட அகலமான அடிமரத்தில் சாய்ந்து உட்காருங்கள். இருபது நிமிடம் அசையாமல் இருந்தால் காடு உங்களை மறந்துவிடும். மேலிருந்து கொட்டைத் தோல் தூறல்போலச் சடசடவென்று விழும், அணில் அங்கே இருக்கிறது. சின்ன .22 துப்பாக்கி, தலைக்குக் குறி. வெறுங்கிளையில் வானத்தைப் பின்னணியாக வைத்து நிற்கும் அணிலை ஒருபோதும் சுடாதீர்கள். ஒன்றரை மைல் போகும் என்று தோட்டாப் பெட்டியிலேயே போட்டிருக்கும். பின்னால் அடிமரம் வரும்வரை பொறுங்கள்.

சூடு ஆறுமுன் உரிக்க வேண்டும், ஆறினால் தோல் பசைபோல ஒட்டிக்கொள்ளும். மயிர் பறக்காமலிருக்கத் தண்ணீரில் நனையுங்கள். வாலின் அடியில், எலும்பை அறுத்து முதுகுத்தோலை மட்டும் அறுபடாமல் விட்டு, வாலைக் காலால் மிதித்துக்கொண்டு பின்னங்கால்களைப் பிடித்து மேலே இழுத்தால் சட்டை கழற்றுவதுபோல வந்துவிடும். குடல், ஈரம், சூடு, கத்தியின் கூர் எந்தப் பக்கம் பார்க்கிறது, எல்லாப் பாடமும் இந்த அரைக் கிலோவுக்குள் இருக்கிறது. நாளுக்கு ஆறு முறை. முயலுக்குப் போனால் கையுறையை மறக்காதீர்கள். ஈரலில் வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தால் அப்படியே ஒதுக்கிவிடுங்கள், மனிதருக்குத் தொற்றுகிற காய்ச்சல் அது.

துப்பாக்கி எது என்று கேட்டிருந்தீர்கள் இல்லையா? மூன்றுமே போதும், அந்தக் காட்டில் நூறு கஜத்துக்கு மேல் பெரும்பாலும் பார்வையே போகாது. .308 வாங்குங்கள். தேர்ட்டி ஆட் சிக்ஸைவிட உதைப்பு சற்றுக் குறைவு, தோட்டா எங்கும் கிடைக்கும். ஒவ்வொரு முறையும் கையால் தோட்டா ஏற்றும் போல்ட் ஆக்‌ஷனாக இருக்கட்டும், தானாகவே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் செமி ஆட்டோமேட்டிக் அங்கே மானுக்குக் கூடாது. செப்புத் தோட்டாவாகப் பாருங்கள், ஈயம் கறிக்குள் கண்ணுக்குத் தெரியாத தூளாகச் சிதறும். ஆனால் இதெல்லாம் நவம்பருக்கு. செப்டம்பருக்கு ஒரு .22, ஒரு சின்னக் கத்தி, கையுறை, ஐஸ்பெட்டி.

குக்கரை பால்கனியிலிருந்து உள்ளே எடுத்து வையுங்கள். கடலைமாவும் எலுமிச்சையும் போட்டுத் தேய்த்தால் பாத்திரத்தில் வாடை போய்விடும். கேஸ்கெட்டில் போகாது, அதை மாற்றிவிடுங்கள்.