ஏழை நாடுகளின் வியாபாரம்: கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்

ராணிப்பேட்டையில் தோல் ஏற்றுமதிக்கான காகித வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். மிக ஏழை நாடுகளுக்கு உலக வர்த்தகம் நியாயமாக நடக்கிறதா என்று கேளுங்கள். டாலர் ஏறுமா, எந்தப் பங்கு வாங்கலாம் என்பதெல்லாம் வேண்டாம்.

திருப்பத்தூர் டீச்சர்: ஏழை நாட்டுச் சரக்குக்கு ஐரோப்பாவில் வரியே இல்லையாமே சார், அப்புறம் என்ன அநியாயம்?

வரி இல்லைதான். ஐ.நா. பட்டியலில் இருக்கும் மிகப் பின்தங்கிய நாடுகளின் சரக்கை, ஆயுதம் தவிர, 2001 முதல் வரியில்லாமல் விடுகிறார்கள். இந்தியாவும் 2008-இல் ஒரு சலுகைத் திட்டம் கொண்டுவந்தது. ஆனால் ஆரிஜின் சான்றிதழைப் பாருங்கள் டீச்சர், சரக்கு எந்த நாட்டில் உண்டானது என்று சொல்லும் காகிதம் அது. பங்களாதேஷ் சட்டையை அங்கே தைத்தால் மட்டும் போதாது, துணியையும் அங்கேயே நெய்திருக்க வேண்டும் என்று ஐரோப்பாவில் விதி இருந்தது. தைத்தால் போதும் என்று 2011-இல்தான் தளர்த்தினார்கள்.

ஆம்பூர் தம்பி: எத்தியோப்பியாவில் அவ்வளவு ஆடு மாடு இருக்கே அண்ணா, ஷூவாகவே தைத்து விற்க வேண்டியதுதானே?

இதற்குக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும். ஐரோப்பாவின் பொது இறக்குமதி வரியில் கச்சாத் தோலுக்கு ஒன்றுமில்லை. பதனிட்ட தோலுக்கு 6.5 சதவீதம் வரை, ஷூவுக்குப் பெரும்பாலும் 8-இலிருந்து 17 வரை. சரக்கில் வேலை கூடக் கூட வரியும் கூடும். பட்டியலில் இருக்கும்வரை ஏழை நாடு இதிலிருந்து தப்பிக்கும். கொஞ்சம் தேறி வெளியே வந்தால் சில வருட அவகாசம், அப்புறம் வேறு சலுகை கிடைக்காவிட்டால் மாட்டிக்கொள்ளும்.

நம்ம ஊர் எப்படி மேலே வந்தது? எழுபதுகளின் தொடக்கத்தில் இங்கிருந்து அரைப்பதனத் தோல்தான் கட்டுக் கட்டாக மெட்ராஸ் துறைமுகத்துக்குப் போனது. 1973-இல் சீதாராமையா குழு சொன்னபடி மத்திய அரசு அதற்குக் கடிவாளம் போட்டு, முழுதாகப் பதனிட்ட பினிஷ்டு லெதருக்குச் சலுகை கொடுத்தது. அது நடக்காவிட்டால் இன்றைக்குக் காலை ஷிப்டுக்கு ஆம்பூரில் கம்பெனி பஸ்ஸிலிருந்து இத்தனை பெண்கள் இறங்க மாட்டார்கள். எத்தியோப்பியாவும் கச்சாத் தோலுக்கு 150 சதவீத ஏற்றுமதி வரி போட்டுப் பார்த்தது. வரி மட்டும் போட்டால் ஷூ வந்துவிடாது, ரசாயனம் வாங்கவே டாலர் வேண்டும், அது வேறு கதை. ஆனால் ஆப்பிரிக்க நாடுகளோடு ஐரோப்பா போடும் ஒப்பந்தங்களில், புதிதாக ஏற்றுமதி வரி போடக் கூடாது என்று ஒரு ஷரத்தை நுழைக்கிறார்கள். நாம் ஏறிய ஏணியை அவர்களுக்குக் கொடுக்க மாட்டார்களாம். எனக்கு எரிச்சல் வருவது இங்கேதான்.

குடியாத்தம் வாசகர்: ஏழை நாடுகளுக்குத்தான் வரி இல்லையே, பிறகென்ன பிரச்சினை?

டீச்சருக்குச் சொன்னதைப் படியுங்கள். ஆரிஜின் சான்றிதழ்.

ஆரணி நெசவாளர்: பருத்தி விவகாரம் என்ன ஆச்சு ஐயா?

அமெரிக்க மானியத்தால் விலை விழுகிறது என்று பெனின், புர்கினா பாசோ, சாட், மாலி நான்கும் 2003-இல் உலக வர்த்தக அமைப்பில் முறையிட்டன. வழக்குப் போட்டு ஜெயித்தது பிரேசில். 2010 முதல் வருஷத்துக்கு 14.73 கோடி டாலர் என்று அமெரிக்கா கொடுத்துவந்தது, 2014-இல் இன்னொரு 30 கோடி கொடுத்துக் கணக்கை முடித்தது. பணம் பெரும்பாலும் போனது பிரேசில் பருத்திக்கு. மாலிக்காரனுக்கு நஷ்ட ஈடு என்று எதுவும் கிடைக்கவில்லை. பதிலுக்கு வரி போட்டுத் திருப்பி அடிக்கத் தெம்பு இருப்பவனுக்குத்தான் தீர்ப்பு பலன் தரும். 2019 டிசம்பரிலிருந்து அந்த அமைப்பின் மேல்முறையீட்டு அமர்வும் முடங்கிக் கிடக்கிறது.

வாணியம்பாடி பாய்: தரம், தரம் என்று ஐரோப்பா செய்யும் கெடுபிடி எல்லாம் மறைமுக வரிதானே?

பாதி சரி பாய். வெட் புளூவில், அதாவது குரோமில் பதனிட்ட ஈரத் தோலில், பூஞ்சணம் பிடிக்காமலிருக்க நாம் ஊற்றிய பி.சி.பி. என்ற ரசாயனத்தை ஜெர்மனி 1989-இல் தடை செய்தது. கிலோவுக்கு 5 மில்லிகிராம், அதற்கு மேல் கூடாது. சரக்கு திரும்பி வந்த முதலாளி ஒருவர் டெஸ்ட் ரிப்போர்ட்டை மேஜையில் தட்டித் தட்டிப் புலம்பியது இன்னும் காதில் இருக்கிறது. ஆனால் நமக்கு அடையாற்றில் சி.எல்.ஆர்.ஐ. என்ற மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் இருந்தது. சாட் நாட்டுக்காரன் யாரிடம் போவான்? விதி தப்பில்லை. பரிசோதனைக் கூடத்துக்குப் பணமும் அவகாசமும் தராமல் விதியை மட்டும் அனுப்புவதுதான் தப்பு.

ஆற்காடு விவசாயி: பாய்க்குத் தோல் கழிவு கலந்த எங்கள் கிணற்றுத் தண்ணீர் ஒரு சொம்பு அனுப்பட்டுமா?

வாணியம்பாடி பாய்: சுத்திகரிப்பு நிலையத்துக்கு மாசாமாசம் கட்டுகிறோம் அண்ணே. அந்தச் செலவை, சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர் விலையில் சேர்க்கிறானா என்று கேளுங்கள்.

ஆற்காடு விவசாயி: அவன் சேர்க்காததற்கு என் நிலம் உப்பாகணுமா?

இரண்டு பேரும் நிறுத்துங்கள். கெடுத்தவனே செலவை ஏற்க வேண்டும் என்று வேலூர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-இல் சொல்லிவிட்டது, பாய் அதிலிருந்து தப்ப முடியாது. ஆனால் பாய் கேட்பதும் கேள்விதான். விலை பேசும்போது பையர் அந்தச் செலவைக் காதில் வாங்க மாட்டான், இதைவிட மலிவாக எங்கே கிடைக்கும் என்று பார்ப்பான். அடுத்து அவன் போகும் இடம் ஆப்பிரிக்கா. அங்கேயும் ஓர் ஆறு பாலாறு மாதிரி ஆகாமலிருக்க, வாங்கும் விலைக்குள்ளேயே தண்ணீரைச் சுத்தம் செய்யும் காசு இருக்க வேண்டும்.

காட்பாடி மாணவி: நியாய வர்த்தக முத்திரை போட்ட காபி வாங்கினால் போதுமா?

வாங்கும்மா, நல்லதுதான். 2023-இல் அராபிகாவுக்கு விவசாயிகள் தரப்புக்கு பவுண்டுக்குக் குறைந்தது 1.80 டாலர், மேலே 20 சென்ட் என்று வைத்தார்கள். வறுத்துப் பாக்கெட் போடும் லாபம் மட்டும் பெரும்பாலும் பணக்கார நாட்டிலேயே நிற்கிறது.

வாலாஜா வாசகர்: அமெரிக்கா 2025-இல் நமக்குப் போட்ட 50 சதவீத வரி பற்றி?

நாம் அந்த ஏழைப் பட்டியலில் இல்லை. வேறொரு நாள் கேளுங்கள்.

சோளிங்கர் தம்பி: ஆப்பிரிக்காவிலிருந்து தோல் இறக்கித் தைத்து, அந்த நாட்டுச் சரக்கு என்று வரியில்லாமல் ஐரோப்பாவுக்கு அனுப்பலாமா சார்?

முடியாது தம்பி. இங்கே தைத்தால் அது இந்திய ஷூ. ஆரிஜின் சான்றிதழில் பொய் எழுதினால் சரக்கு அங்கேயே நிற்கும், அபராதமும் சேரும்.